உடுக்கை அழுவது எப்படி?

அண்ணமார் கதையை ஒரு இரவாவது உட்கார்ந்து கேட்ட கொங்கு நாட்டுக்காரர்களிடம் கேளுங்கள், உடுக்கை அழும் என்பார்கள். போர் முடிந்த களத்தில் தங்கை அருக்காணித் தங்காள் தன் அண்ணன்மார் பொன்னரையும் சங்கரையும் தேடி வரும் கட்டத்தில், பாடகரின் குரல் தழுதழுப்பதற்கு முன்பே அவர் கையில் இருக்கும் உடுக்கை விம்மத் தொடங்கிவிடும். ஒலி கீழிருந்து எழும்பி, மேலே வளைந்து, இறங்கி அடங்கும். கேட்டுக்கொண்டிருக்கும் கிழவிகள் முந்தானையை எடுப்பார்கள். பாட்டின் சொல்லுக்கு அழுவது வேறு. சொல் இல்லாத ஒரு தோலின் ஓசைக்கு ஏன் தொண்டை அடைக்கிறது? ஒரு முழத்துக்கும் குறைவான நீளமுள்ள, ஒரு கையில் அடங்கிவிடும் இந்தச் சின்னக் கருவிக்குள் நடப்பது என்ன?

கருவியைப் பார்ப்போம். பித்தளையிலோ மரத்திலோ மண்ணிலோ செய்த கூடு. இரண்டு முனைகளும் அகன்று, நடு ஒடுங்கியிருக்கும். இரண்டு வளையங்களில் இழுத்துப் போர்த்திய மெல்லிய தோல், இரண்டு வாய்களையும் மூடியிருக்கும். தோல் கூட்டோடு ஒட்டப்படவில்லை. ஒரு வளையத்திலிருந்து மறு வளையத்துக்கு மாறி மாறி ஓடும் நூல் கயிறுதான் இரண்டு தோல்களையும் இறுகப் பிடித்திருக்கிறது. நடுவில் அந்தக் கயிறுகளை எல்லாம் சுற்றி ஒரு பட்டை. இடது கை அந்த நடுப்பகுதியைப் பிடிக்கும், வலது கை விரல்கள் ஒரு பக்கத் தோலைத் தட்டும். பார்ப்பவர் கண் தட்டுகிற கையையே தொடரும். அழ வைப்பதோ, பிடித்திருக்கிற இடது கை.

கூடு ஏன் நடுவில் ஒடுங்கியிருக்க வேண்டும்? அழகுக்கு என்றுதான் பலரும் நினைப்பார்கள். கயிறு அகன்ற வாயிலிருந்து மறு வாய்க்கு நேராகப் போகிறது, கூடோ உள்ளே வளைந்து போகிறது. ஆகவே கயிற்றுக்கும் கூட்டுக்கும் நடுவே ஒரு வெற்றிடம் கிடைக்கிறது. கையால் அழுத்தினால் கயிறு உள்ளே போக இடம் உண்டு. நேரான உருளைக் கூட்டின் மேல் இதே கயிற்றைக் கட்டினால் அது கூட்டோடு ஒட்டிக் கிடக்கும், அழுத்துவதற்கு வழியில்லை. இடை ஒடுங்கியதால்தான் இந்தக் கருவியால் ஏறி இறங்கிப் பேச முடிகிறது.

இன்னும் ஒரு நுட்பம் இதில் இருக்கிறது. இறுகக் கட்டிய துணிக்கொடியின் நடுவில் ஒரு ஈரத்துண்டைப் போட்டதும் இரண்டு முனைக் கம்பங்களும் உள்பக்கம் இழுபடுவதைப் பார்த்திருப்பீர்கள். நடுவில் விழுந்த எடை சிறியது, முனைகளில் ஏற்பட்ட இழுப்பு அதைவிடப் பல மடங்கு. உடுக்கையிலும் இதுதான் நடக்கிறது. கயிற்றின் நீளம் 25 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் 2 சென்டிமீட்டர் உள்ளே அழுத்தினால், கயிறு கடக்க வேண்டிய தூரம் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் கூடுகிறது. 3 சென்டிமீட்டர் அழுத்தினால் 7 மில்லிமீட்டர். அற்பமான அளவுதான். ஆனால் ஏற்கெனவே விறைப்பாக இருக்கும் தோலுக்கு அது பெரிய செய்தி. அந்த நீட்டத்தைக் கொடுப்பதற்கு இரண்டு பக்கத் தோலும் சேர்ந்து இழுபட வேண்டும், இழுவிசை சட்டென்று ஏறிவிடும். விரல்களின் சின்ன இறுக்கம் இப்படித்தான் சுருதியில் ஒரு பெரிய தாவலாக மாறுகிறது.

எவ்வளவு பெரிய தாவல் என்பதற்குக் கணக்கு உண்டு. கம்பி அதிரும் வேகம் அதன் இழுவிசையின் வர்க்க மூலத்தைப் பொறுத்தது என்று 1636-இல் பிரெஞ்சுத் துறவி மரென் மெர்சென் எழுதி வைத்தார். விரித்துக் கட்டிய தோலுக்கும் அது பொருந்தும். நொடிக்கு 200 முறை அதிரும் தோலை 300 முறை அதிர வைக்க, அதாவது சட்ஜத்திலிருந்து பஞ்சமத்துக்கு ஏற்ற, இழுவிசை இரண்டேகால் மடங்காக வேண்டும். மேல் சட்ஜத்தை எட்ட நான்கு மடங்கு. அதனால்தான் உயரப் போகப் போகக் கை வலிக்கிறது. விடிய விடிய உடுக்கை பிடிப்பவரின் இடது முன்கை முறுக்கேறி இருப்பதற்குக் காரணம் அந்த வர்க்க மூலம்தான்.

தோலுக்கு ஒரு குறை உண்டு. கம்பியை மீட்டினால் அடிப்படை ஒலியோடு அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு அதிர்வுகளும் ஒழுங்காகச் சேர்ந்து வரும். அந்த ஒழுங்கைத்தான் காது இனிமையான சுருதி என்று கொள்கிறது. வட்டமான தோலில் அப்படி வராது. 1.59 மடங்கு, 2.14 மடங்கு, 2.30 மடங்கு என்று ஒன்றோடொன்று சேராத அதிர்வுகள் வரும். மிருதங்கமும் தபேலாவும் இந்தக் குறையை எப்படித் தீர்த்தன என்பதை உலகத்துக்குச் சொன்னவர் திருச்சியில் பிறந்த சி.வி. இராமன். 1920-இல் ‘நேச்சர்’ இதழில் சிவகாளி குமாருடன் சேர்ந்தும், 1934-இல் விரிவாகவும் அவர் எழுதினார். தோலின் நடுவில் அப்பும் கரணைப் பூச்சு அந்தத் தாறுமாறான அதிர்வுகளை ஒழுங்கு வரிசைக்குள் இழுத்துவிடுகிறது என்று காட்டினார். கம்பி எழுப்பும் ஸ்வரத்தைத் தோலில் கொண்டுவந்த நம் ஆட்களின் கைத்திறன் அது.

உடுக்கையில் கரணை இல்லை. அப்படியிருந்தும் அதன் ஏற்ற இறக்கம் தெளிவாகக் கேட்கிறது. இழுவிசை கூடும்போது எல்லா அதிர்வுகளும் ஒரே விகிதத்தில் சேர்ந்து மேலே ஏறுகின்றன. அடி ஒலி ஒன்றரை மடங்கு ஏறினால் கூட வரும் மற்றவையும் ஒன்றரை மடங்கு ஏறும். ஓரிடத்தில் நிற்கும் சுருதி எது என்று சொல்வது கடினமாக இருக்கலாம். அது எந்தப் பக்கம் நகர்கிறது, எவ்வளவு நகர்கிறது என்பதைக் காது தவறாமல் பிடித்துக்கொள்ளும். ஒருவர் பேசும் மொழி தெரியாவிட்டாலும், அவர் கேட்கிறாரா, அதட்டுகிறாரா, கெஞ்சுகிறாரா என்பது குரலின் ஏற்ற இறக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. உடுக்கை எடுத்துக்கொண்டது மனிதப் பேச்சின் அந்தப் பகுதியை. தோலின் ஒலி ஒரு நொடிகூட நிலைப்பதில்லை, சட்டென்று தேய்ந்துவிடும். அந்த இடைவெளிக்குள் இடது கை இறுக்கித் தளர்த்தியாக வேண்டும். முந்தினால் வெறும் உயர்ந்த தட்டு, பிந்தினால் வெறும் தாழ்ந்த தட்டு. தட்டிய கணத்தில் பிடித்தால்தான் விம்மல்.

மற்றத் தோல் கருவிகளோடு ஒப்பிட்டால் இதன் தனித்தன்மை விளங்கும். பறையில் தோல் கட்டையோடு ஒட்டப்பட்டது, கயிறு கிடையாது. சுருதி ஏற்ற அதற்கிருக்கும் ஒரே வழி நெருப்பு. வைக்கோலைக் கொளுத்திக் காட்டும்போது தோல் நார்களில் ஊறிய ஈரம் வெளியேறி, நார்கள் சுருங்கி, இழுவிசை ஏறுகிறது. மிருதங்கத்தைக் கச்சேரிக்கு முன் கல்லால் தட்டிச் சேர்ப்பார்கள், பிறகு அது அங்கேயே நிற்க வேண்டும். தவிலில் வாருக்குப் பதிலாக இரும்பு வளையமும் போல்ட்டும் வந்து வெகுகாலமாகிவிட்டது. பறையிலும் பைபர் வந்துவிட்டது. மழையிலும் பனியிலும் தொழில் செய்கிறவர்களுக்கு அது பெரிய நிம்மதி, அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உடுக்கைக்கு மட்டும் போல்ட்டின் வழி மூடியிருக்கிறது. அதில் கயிறு தோலைக் கட்டுவதற்கான சாதனம் மட்டுமில்லை, வாசிக்கப்படுவதே கயிறுதான். அந்த இடத்தில் போல்ட்டை வைத்தால் வாசிக்க ஒன்றும் மிஞ்சாது.

கார்த்திகை, மார்கழி இரவுகளில் கொங்குச் சமவெளியில் இறங்கும் பனியில் தோல் தொய்ந்துபோகும். பறைக்காரர் நெருப்பைத் தேடிப் போவார். உடுக்கைக்காரர் நடுப்பட்டையை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டு பாட்டைத் தொடரலாம். விடியும்வரை நடக்கும் கதைக்கு இதைவிடத் தோதான கருவி அமைவது கடினம்.

கயிற்றை இறுக்கிச் சுருதி ஏற்றும் இதே சூத்திரத்தை உலகத்தின் வேறு மூலைகளிலும் கண்டுபிடித்திருக்கிறார்கள், அல்லது ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றிருக்கிறார்கள். கேரளத்துக் கோயில்களில் சோபானப் பாட்டோடு ஒலிக்கும் இடக்கையில் ராகமே வாசித்துவிடுவார்கள். ஜப்பானின் நோ நாடகத்தில் கோட்சுசுமி என்ற சிறிய முரசை வலது தோளில் வைத்து, இடது கையால் கயிற்றைப் பிடித்து வாசிக்கிறார்கள். அதன் தோலுக்கு ஈரம் வேண்டும், வாசிப்பவர் நடுநடுவே அதன்மேல் மூச்சை ஊதுவார். கூடவே வாசிக்கும் பெரிய முரசின் தோலைக் கரி நெருப்பில் காய வைத்து எடுத்து வருவார்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் யோருபா மக்கள் இடை ஒடுங்கிய முரசை அக்குளில் இடுக்கிக்கொண்டு, தங்கள் மொழியின் தொனிகளை அப்படியே அதில் எழுப்பி, ஊருக்குச் செய்தி சொல்கிறார்கள், அரசனைப் புகழ்கிறார்கள். அந்த மேற்கு ஆப்பிரிக்கக் கரையிலிருந்து அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களின் கைப்பழக்கம்தான், சுரைக்குடுவையில் தோல் போர்த்தி நரம்பு கட்டும் வித்தையாக அமெரிக்கா போய் பாஞ்சோ ஆனது. அப்பலாச்சிய மலைக் கிராமங்களில் பிடிலும் பாஞ்சோவும் ஒன்றையொன்று விடாமல் பேசிக்கொள்ளும் அந்தப் பழைய இசையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நம் உடுக்கடிப் பாட்டு நினைவுக்கு வரும். அங்கும் ஒரு குரல் கதையை இழுத்துக்கொண்டு போக, ஒரு தோல் காலத்தைத் தாங்கி நிற்கிறது.

நம் பக்கத்தில் இதன் வயது சொல்லி மாளாது. சங்கப் பாடல்களின் துடி இந்தக் குடும்பத்துக் கருவிதான். புறநானூற்றின் 335-ஆம் பாட்டு, பாணன், பறையன், கடம்பன் ஆகியோரோடு துடியனையும் ஒரு குடியாகச் சொல்கிறது. பேரூர்க் கோயிலின் ஆடவல்லான் மேல் வலக்கையில் பிடித்திருப்பதும் இதன் வடிவம்தான்.

இனி கதைக்கு வருவோம், ஏனென்றால் கொங்கில் உடுக்கை கதைக்காகவே வாழ்ந்தது. பொன்னிவள நாட்டை ஆண்ட குன்னுடையாக் கவுண்டர், தாமரை நாச்சி, அவர்கள் பெற்ற பொன்னர், சங்கர், தங்கை அருக்காணித் தங்காள், கூடவே நின்ற சாம்புவன், எதிரே வேட்டுவர் படையோடு தலையூர்க் காளி, கொம்பன் என்ற காட்டுப் பன்றி, பெரிய வேட்டை நாய்களால் முடியாததை முடித்துக்கொடுத்த பொன்னாச்சி என்ற சின்ன நாய். மூன்று தலைமுறைக் கதை. மணப்பாறையை அடுத்த வீரப்பூரில் மாசித் திருவிழாவில் இது இன்றும் சடங்காக நடக்கிறது. படுகளத்தில் மாண்டவர்களாக விழுந்து கிடப்பவர்களை எழுப்பும் நேரம் வரை உடுக்கையும் பாட்டும் ஓயாது. கலைஞர் மு. கருணாநிதி இதை ‘பொன்னர் சங்கர்’ நாவலாக எழுதினார், 2011-இல் படமாகவும் வந்தது. கவிஞர் சக்திக்கனல் ஏட்டுப் பாடத்தைப் பதிப்பித்தார்.

இதை ஒலியாகப் பிடித்தவர் கனடாவைச் சேர்ந்த மானிடவியலாளர் பிரெண்டா பெக். 1960-களின் நடுவில் காங்கயத்தை அடுத்த ஓலப்பாளையத்தில் தங்கி ஆய்வு செய்தவர். 1965-இல் இ.சி. ராமசாமி என்ற பாடகர் தன் துணைப் பாடகரோடு பல இரவுகள் பாடிய முழுக் கதையையும் டேப்பில் பதிவு செய்தார். அதே பாடகர் சொல்லச் சொல்ல எழுதிய பிரதி ஒன்றும் எடுத்தார். 1982-இல் இந்தக் கதை சொல்லும் கலையைப் பற்றிய அவரது நூல் அமெரிக்காவில் வந்தது. 1992-இல் கதை முழுவதும் தமிழிலும் ஆங்கிலத்திலுமாக இரண்டு தொகுதிகளாகச் சென்னை ஆசியவியல் நிறுவனத்திலிருந்து வந்தது. பின்னாளில் அவரே அதை 26 பகுதி கொண்ட அனிமேஷன் தொடராகவும் ஆக்கினார். ஒரு கிராமத்தில் கேட்ட பாட்டுக்கு ஒருவர் ஆயுளையே கொடுத்தார் என்பதை நன்றியோடுதான் சொல்ல வேண்டும்.

பல இரவுகள் நீளும் கதையை, கையில் ஏடு இல்லாமல், ஒருவர் எப்படி நினைவில் வைத்திருக்கிறார்? இந்தக் கேள்விக்கு விடை தேடி மில்மன் பாரி என்ற அமெரிக்க அறிஞர் 1933-இலிருந்து 1935 வரை யூகோஸ்லாவியக் கிராமங்களில் அலைந்தார். அங்கே கதைப் பாடகர்கள் குஸ்லே என்ற ஒற்றை நரம்புப் பிடிலை இழுத்துக்கொண்டு பாடுவார்கள். அவ்தோ மெஜெதோவிச் என்ற எழுத்தறியாத பாடகர் 1935-இல் 12,000 அடிக்கும் மேற்பட்ட ஒரு கதையைச் சொல்லி எழுத வைத்தார். பாரி இளம் வயதில் இறந்துவிட, அவருடைய மாணவர் ஆல்பர்ட் லார்ட் 1960-இல் விடையை நூலாக்கினார். பாடகர் மனப்பாடம் செய்வதில்லை. குதிரை ஏறுவது, பொழுது விடிவது, சேனை புறப்படுவது, தூதன் வருவது போன்றவற்றுக்கெல்லாம் சந்தத்தில் அளந்து வைத்த தொடர்கள் அவரிடம் தயாராக இருக்கின்றன. கதையின் போக்கு தெரியும். பாடும் கணத்தில் அவற்றைக் கோத்து அடியாக்குகிறார். ஒவ்வொரு முறை பாடும்போதும் கதை புதிதாகப் பிறக்கிறது. ஈழத்து அறிஞர் க. கைலாசபதி 1968-இல் வெளியிட்ட நூலில் இதே அளவுகோலைச் சங்கப் பாடல்களுக்குப் பொருத்திப் பார்த்தார்.

கோப்பதற்கு நேரம் வேண்டும் அல்லவா? அடுத்த அடியைத் தேடும் அந்த ஒன்றிரண்டு நொடிகளை யார் கொடுப்பது? குஸ்லேயின் இழுப்பு அங்கே கொடுத்தது, உடுக்கை இங்கே கொடுக்கிறது. முதற்பாட்டுக்காரர் ஓர் அடியை முடிக்கிறார். பின்பாட்டுக்காரர் அதன் வாலைப் பிடித்துத் திருப்பிப் பாடுகிறார், அல்லது ‘ஆமா’ போடுகிறார். உடுக்கை ஒரு சுற்று உருண்டு வருகிறது. அதற்குள் அடுத்த அடி நாக்குக்கு வந்துவிடுகிறது. வசனத்துக்குப் போக வேண்டுமானால் உடுக்கை தாழ்ந்து நிற்கும். பாட்டு தொடங்கப் போகிறது என்றால் அதுவே முதலில் அறிவிக்கும். கேட்பவருக்கு அது தாளமாகக் கேட்கிறது. பாடுகிறவருக்கு அது மூச்சு வாங்கும் இடம், யோசிக்கும் இடம். உடுக்கை இல்லாமல் கதையைச் சொல்லச் சொன்னால் சொல்லிவிடுவார்கள், பெக் எடுத்த எழுத்துப் பிரதி வந்தது அப்படித்தான். பாடுவது வேறு காரியம். என் வரையில், உடுக்கையைப் பக்கவாத்தியம் என்று அழைப்பதே அநியாயம். கதையின் பாதி அதற்குள் இருக்கிறது.

சாமி வருவதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கொங்குக் கோயில்களில் பம்பையும் உடுக்கையும் சேர்ந்து வேகம் எடுத்தால் அருள் வந்து ஆடுபவர்கள் உண்டு. முரசின் அடி மூளையின் அலைகளைத் தன் வேகத்துக்கு இழுத்துவிடுகிறது என்று 1962-இல் ஆண்ட்ரூ நெஹர் எழுதினார், அது பலருக்கும் பிடித்த விளக்கமானது. கில்பெர் ரூஜே என்ற பிரெஞ்சு இசையியலாளர் 1980-இல் அதை மறுத்தார். ஒலி மட்டுமே காரணம் என்றால் கேட்கும் எல்லோருக்கும் வர வேண்டும், முரசடிப்பவருக்கு முதலில் வர வேண்டும், பெரும்பாலும் அவருக்கு வருவதில்லையே என்று கேட்டார். நம் ஊர் அனுபவம் ரூஜே பக்கம்தான் நிற்கிறது. தோலுக்கு மிக அருகில் இருப்பவர் பாடகர்தான், அவர் விடியும்வரை நிதானம் தவறாமல் பாடுகிறார். படுகளத்தில் விழுபவர்கள் அந்தக் கதையோடு பிறந்து வளர்ந்தவர்கள். எந்த அடி எதற்கு என்று அவர்கள் உடம்புக்குத் தெரியும். உடுக்கை அழைக்கிறது, எழுந்து வருவது அவர்களுடைய நம்பிக்கை.

கொங்கின் மற்றக் கலைகளுக்கு அண்மையில் நல்ல காலம் பிறந்திருக்கிறது. வள்ளி ஒயில் கும்மியைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்த பத்திரப்பனுக்கு 2024-இல் பத்மஸ்ரீ கிடைத்தது, ஊர் ஊராகக் கும்மி மேடை ஏறுகிறது. பெரிய மேளமும் ஜமாப்பும் இளைஞர்கள் கைக்கு வந்திருக்கின்றன. இவையெல்லாம் கூட்டமாகச் சேர்ந்து, அடவு பார்த்து, சில மாதங்களில் ஓரளவுக்குப் பழகிவிடக் கூடியவை. உடுக்கடிப் பாட்டு அப்படிச் சட்டென்று பரவாது. இரவெல்லாம் பின்பாட்டுக்காரராக உட்கார்ந்து, ஆண்டுக்கணக்கில் ‘ஆமா’ போட்டுத்தான் ஒருவர் முதற்பாட்டுக்கு வருகிறார். கேட்கவும் இரவு முழுக்க உட்காரும் ஊர் வேண்டும்.

செசில் ஷார்ப் என்ற ஆங்கிலேயர் 1916-இலிருந்து 1918 வரை அப்பலாச்சிய மலைகளில் பாட்டுச் சேகரித்தார். பெரும்பாலும் வாய்ப்பாட்டைத்தான் எழுதிக்கொண்டார், பிடிலும் பாஞ்சோவும் அவர் குறிப்பேட்டில் அதிகம் இடம்பெறவில்லை. நம்மிடமும் சொல் அச்சாகிவிட்டது, குரல் டேப்பில் இருக்கிறது. இடது கை எதிலும் இல்லை. ஆகவே கொங்குப் பக்கத்துக் கல்லூரி மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை உடுக்கடிப் பாட்டைச் செல்போனில் படம் பிடிக்கும்போது பாடகரின் முகத்தில் மட்டும் நிற்காதீர்கள். அவர் அனுமதி கேட்டு, இன்னொரு போனை உடுக்கையின் இடையை நோக்கி வையுங்கள். விரல்கள் எப்போது இறுகுகின்றன, தட்டியதற்கு எவ்வளவு நேரம் கழித்துத் தளர்கின்றன, பட்டை எத்தனை முறை இறுக்கப்படுகிறது என்பது தெரிய வேண்டும். ஒலியின் அதிர்வெண்ணைக் கோடாக வரைந்து காட்டும் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. தங்காள் களத்துக்கு வரும் பகுதியை அதில் ஓடவிட்டு, ஏறி இறங்கும் கோட்டைப் படத்தோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிறகு அதைப் பாடகரிடமே காட்டி, இந்த இடத்தில் ஏன் இறுக்கினீர்கள் என்று கேட்டு, அவர் சொல்வதையும் பதிவு செய்யுங்கள்.